வேலைப் பாண்டு: சட்டம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது

படிப்பை முடித்து முதல் வேலையில் சேரும் இளைஞர்களில் பலர் ஆஃபர் லெட்டரோடு இன்னொரு தாளிலும் கையெழுத்திடுகிறார்கள். மென்பொருள் நிறுவனம், தனியார் மருத்துவமனை, பொறியியல் கல்லூரி, உதிரிபாகத் தொழிற்சாலை என இடம் எதுவானாலும் அந்தத் தாளின் சாரம் ஒன்றுதான். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு வேலையை விட்டுப் போக மாட்டேன். போனால் இத்தனை லட்சம் கட்டுவேன். சில இடங்களில் அந்தத் தாளோடு ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கிக்கொள்கிறார்கள். சில இடங்களில் தொகை எழுதாத, கையெழுத்து மட்டும் போட்ட காசோலையும் கேட்கிறார்கள். இந்தப் பாண்டைப் பற்றி ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி தப்பிக்க வழியில்லை என்று நினைக்கிறார் ஊழியர். பாண்டு கோர்ட்டில் நிற்காது, பேசாமல் போய்விடு என்கிறார் அவருடைய நண்பர். இரண்டுமே தவறு. இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை பாண்டின் வலு அதில் எழுதப்பட்ட தொகையிலும் இல்லை, முத்திரைத்தாளின் மதிப்பிலும் இல்லை. முதலாளி அந்த ஊழியருக்காக உண்மையில் என்ன செலவழித்தார், அதைக் கணக்குக் காட்டி நிரூபிக்க முடியுமா என்பதில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு இல்லாத பாண்டுகள் பயத்தால்தான் செல்லுபடியாகின்றன. நீதிமன்றங்கள் ஒன்றரை நூற்றாண்டாகச் சொல்லிவந்ததைத் தொடர்ந்து படித்தால் இந்த முடிவுக்கே வர முடிகிறது.

பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1859இல் காலனி அரசு தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் ஒன்றை இயற்றியது. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின்படி, முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாமல் போனால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது போய் வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். அந்த உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். வேலையை விடுவது அன்று குற்றமாகவே நடத்தப்பட்டது. பிற்காலத்தில் அசாம் தேயிலைத் தோட்டங்கள் வரை இந்தச் சட்டம் கூலிகளைக் கட்டிப்போடப் பயன்பட்டது. 1925இல் இதை ரத்து செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தனியார் வேலையை ஒப்பந்தக் காலம் முடியும் முன் விட்டுப்போனதற்காக மட்டும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனாலும் நூறு ஆண்டுகள் கழித்து, ராஜினாமா கடிதம் கொடுத்த இளைஞரிடம் போலீஸில் புகார் கொடுப்போம் என்று சொன்னால் அவர் குடும்பமே தூக்கமிழக்கிறது. ஒப்பந்தத்தை மீறுவது உரிமையியல் விவகாரம். கையெழுத்திட்ட நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடிக் குற்றமாகும் என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை விளக்கியிருக்கிறது. ஓராண்டு ஒழுங்காக வேலை பார்த்து, நோட்டீஸ் கொடுத்து விலகுபவர் மீது அப்படி ஒரு எண்ணத்தைச் சுமத்துவது மிகக் கடினம்.

இன்றைய சட்டத்தின் அடித்தளம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். சட்டபூர்வமான தொழில், வணிகம், வேலை எதையும் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அதன் 27ஆம் பிரிவு. வணிகத்தை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்பவருக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. இங்கிலாந்துச் சட்டம் அன்று இவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. நியாயமான தடை செல்லும் என்று அங்கே ஏற்கப்பட்டிருந்தது. நம் பிரிவின் வாசகம் நியூயார்க் மாநிலத்துக்காக டேவிட் டட்லி ஃபீல்டு எழுதிய வரைவிலிருந்து எடுக்கப்பட்டது. அதே வரைவை அதே 1872இல் கலிஃபோர்னியாவும் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு இதற்கான சோதனை வந்தது. போட்டிக் கடைக்காரர் ஒருவர், தான் வேலையாட்களுக்குக் கொடுத்திருந்த முன்பணத்தை எதிராளி ஈடுகட்டினால் அந்தப் பகுதியில் கடையை மூடிவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். கடையை மூடினார், பணம் வரவில்லை, வழக்குத் தொடுத்தார். ஒரு பகுதியில் மட்டும் உள்ள தடையும் தடைதான், ஒப்பந்தமே செல்லாது என்று 1874இல் தலைமை நீதிபதி ரிச்சர்டு கௌச் தீர்ப்பளித்தார். பணம் வராமல் போனவருக்கு இது கடுமையான முடிவு. ஆனால், தடை நியாயமானதா என்று எடைபோடும் வேலையைச் சட்டமியற்றியவர்கள் நீதிபதியிடம் விடவில்லை என்பது அன்றே உறுதியானது.

பாண்டைக் கையில் வைத்திருக்கும் முதலாளி, 27ஆம் பிரிவு இவ்வளவு கடுமையானது என்றால் என் தாளுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். இங்கேதான் நீதிமன்றங்கள் ஒரு கோட்டைப் போட்டன. செஞ்சுரி ஸ்பின்னிங் ஆலை வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது ஒரு ஷிப்ட் மேற்பார்வையாளரின் ஒப்பந்தத்தை. கல்யாணில் இருந்த டயர்நூல் ஆலையில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து, வெளிநாட்டுக் கூட்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் பயிற்சி பெற்றவர் அவர். பிறகு கூடுதல் சம்பளத்துக்குக் கோட்டாவில் இருந்த போட்டி ஆலைக்குப் போய்விட்டார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அதே வேலையைப் போட்டியாளரிடம் செய்யக் கூடாது என்ற தடையை நீதிமன்றம் ஏற்றது. வேலைக்காலத்துக்குள் விதிக்கும் கட்டுப்பாடு ஒன்று, வேலை முடிந்த பிறகு துரத்திவரும் கட்டுப்பாடு வேறொன்று என்பதே அந்தத் தீர்ப்பின் கரு. சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி வழக்கில் 1980இலும், கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்த வழக்கில் 2006இலும் ஒப்பந்தம் முடிந்த பின்னர் நீளும் தடைகள் நிலைக்கவில்லை. ஆகவே, எங்களை விட்டுப் போன பிறகு இரண்டு ஆண்டுகளுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று உங்கள் நியமன ஆணையில் ஒரு வரி இருந்தால் அதற்கு இந்தியாவில் சட்ட வலு இல்லை. வாடிக்கையாளர் பட்டியலையோ மென்பொருள் நிரலையோ எடுத்துக்கொண்டு போவது வேறு கதை; ரகசியத்தைக் காப்பதற்கான உட்பிரிவு வேலை முடிந்த பிறகும் செல்லும்.

வேலைக்காலத்துக்குள் விலகுபவரையும் பிடித்துவைத்து வேலை வாங்க முடியாது. தனிமனிதரின் திறமையையும் விருப்பத்தையும் சார்ந்த பணி ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி ஆணையிட, 1963ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டம் நீதிமன்றத்தை அனுமதிப்பதில்லை. மிஞ்சுவது பணம். அந்தப் பணம் எவ்வளவு என்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகள் தீர்மானிக்கின்றன. மீறினால் இவ்வளவு என்று தாளில் எழுதியிருந்தால், அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே; அதற்குள் நியாயமான இழப்பீடு எதுவோ அதைத்தான் பெற முடியும் என்கிறது 74. 1963லும், டெல்லி வளர்ச்சிக் குழும வழக்கில் 2015லும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இழப்பை நிரூபிக்க முடியும் என்றால் நிரூபித்தே ஆக வேண்டும். நிரூபிப்பது கடினம் அல்லது இயலாது என்ற நிலையில்தான், இரு தரப்பும் முன்கூட்டியே நேர்மையாக மதிப்பிட்ட தொகையை அப்படியே தரலாம். டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் தீர்த்த சிக்பா இந்தியா வழக்கு இதை எண்களில் காட்டுகிறது. பாண்டு மூன்று ஆண்டுக்கு, தொகை 2,00,000 ரூபாய். ஊழியர் இரண்டு ஆண்டுகளில் போய்விட்டார். பயிற்சிக்காக நிறுவனம் உண்மையில் செலவழித்தது 67,595 ரூபாய். ஊழியர் மூன்றில் இரண்டு பங்கு காலம் வேலை பார்த்துவிட்டார் என்பதால் நீதிமன்றம் தந்தது ஏறத்தாழ 22,532 ரூபாய். கேட்டதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை என்று பார்க்கலாம்; கணக்கு இருந்ததால் இவ்வளவாவது கிடைத்தது என்றும் பார்க்கலாம். என் வாதத்துக்கு இரண்டாவது பார்வைதான் முக்கியம். ஊழியர் தரப்பில் இதற்கு எதிர்முனையும் உண்டு. முதலாளியின் செலவில் பயிற்சியோ பலனோ பெற்றுக்கொண்டு ஒப்பந்தத்தை மீறுவதே ஒரு சட்டக்கேடுதான் என்று 1990களில் தோஷ்னிவால் பிரதர்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. பாண்டு கோர்ட்டில் நிற்காது என்று சொல்லும் நண்பர் இதைப் படிக்க வேண்டும்.

2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் அளித்த தீர்ப்பு, எல்லாப் பாண்டும் இனி செல்லும் என்ற எண்ணத்தைப் பல மனிதவளத் துறைகளில் உண்டாக்கியிருக்கிறது. மூன்று ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும், இல்லையேல் 2 லட்சம் ரூபாய் என்று அந்த வங்கி ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே சொல்லியிருந்தது. 2007இல் மேலாளர் நிலைப் பதவியில் சேர்ந்தவர் 2009இல் வேறொரு வங்கிக்குப் போனார். எதிர்ப்பைப் பதிவுசெய்தே பணத்தைக் கட்டினார். பிறகு வழக்குத் தொடுத்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்த்ததை உச்ச நீதிமன்றம் மாற்றியது. அந்த உட்பிரிவு செல்லும் என்றது. காரணங்களைக் கவனிக்க வேண்டும். தடை வேலைக்காலத்துக்குள் அடங்கியது. பொதுத்துறை வங்கி ஒரு இடத்தை நிரப்ப, அரசமைப்பின் 14, 16ஆம் பிரிவுகள் வற்புறுத்துகிறபடி, வெளிப்படையாக விளம்பரம் செய்து போட்டித் தேர்வு நடத்தியாக வேண்டும். வேண்டியவரை மறுநாளே அமர்த்திவிட முடியாது. அந்தப் பதவியின் சம்பளத்தோடு ஒப்பிட்டால், ராஜினாமாவையே எட்டாததாக்கும் அளவுக்கு அந்தத் தொகை பெரிதல்ல. இந்த மூன்றில் இரண்டாவது காரணம் தனியார் நிறுவனத்துக்கு அப்படியே பொருந்தாது. மூன்றாவது, மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஃபிரெஷரிடம் 3 லட்சம் கேட்கும் பாண்டுக்கு எதிராகவே திரும்பும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் உயர்படிப்பு முடித்தவர்கள் அரசு மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற பாண்டை 2019இல் உச்ச நீதிமன்றம் ஏற்றதும் இதே வரிசையில் வருகிறது. அங்கே மக்கள் வரிப்பணத்தில் படிப்பு கொடுக்கப்பட்டது, அதற்கு ஈடாகச் சேவை கேட்கப்பட்டது. கொடுத்தது என்ன என்ற கேள்விக்குப் பதில் இருக்கும் இடங்களில் எல்லாம் பாண்டு நிற்கிறது.

சிறு முதலாளிகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. கோயம்புத்தூரில் முப்பது பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறையோ, மதுரையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனமோ, எதுவும் தெரியாமல் வருபவருக்கு ஆறு மாதம் சம்பளம் கொடுத்து வேலை கற்றுத்தருகிறது. கற்று முடித்த மறுமாதம் பெரிய நிறுவனம் ஒன்றரை மடங்கு சம்பளம் காட்டி அழைத்துக்கொள்கிறது. பாண்டு இல்லாவிட்டால் இனி யார் கற்றுத்தருவார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதல் பதில், சட்டம் இந்தச் செலவை மீட்கத் தடை போடவில்லை. அளவோடு கேட்கச் சொல்கிறது. இரண்டாவது பதில் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. ஃபீல்டு வரைவிலிருந்து வந்த அதே தடைதான் அங்கே இன்றும் நடப்பில் உள்ளது. ஊழியர்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் தடையின்றி மாற முடிந்ததே சிலிக்கான் பள்ளத்தாக்கு மாசசூசெட்ஸின் தொழில்வட்டாரத்தை முந்தியதற்கு ஒரு காரணம் என்று சட்ட அறிஞர் ரொனால்டு கில்சன் 1999இல் வாதிட்டார். அந்த வாதத்தை மறுப்பவர்களும் உண்டு. ஒன்று மட்டும் அதிலிருந்து தெரிகிறது: ஊழியரைக் கட்டிவைக்காவிட்டால் தொழில் அழிந்துவிடும் என்ற அச்சத்துக்கு, உலகின் மிகப் பெரிய தொழில்நுட்ப வட்டாரம் ஆதாரம் தரவில்லை. ஒருவரிடமிருந்து போகும் ஆள் இன்னொருவரிடம் வருகிறார். கற்றவரை வெளியே விடும் அதே முதலாளி, வேறெங்கோ கற்றவரை நாளை அமர்த்திக்கொள்கிறார்.

அளவோடு கேட்பது என்றால் நடைமுறையில் எப்படி எழுதுவது? பயிற்சி என்று பொதுவாக எழுதாமல், என்ன பயிற்சி, யார் தந்தது, எத்தனை வாரம், வெளிப் பயிற்சி நிறுவனத்துக்கோ சான்றிதழ்த் தேர்வுக்கோ பயணத்துக்கோ எவ்வளவு செலவு என்று ஒரு பட்டியல் இருக்க வேண்டும். அதற்கான பில்லை முதலாளி பத்திரப்படுத்த வேண்டும். செலவு 90,000 ரூபாய், காலம் 18 மாதம் என்றால், வேலை பார்க்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 5,000 ரூபாய் கழியும் என்று தாளிலேயே எழுதிவிடலாம். சிக்பா வழக்கில் நீதிபதி தீர்ப்பின் முடிவில் செய்த கணக்கை முதலாளி தொடக்கத்திலேயே செய்துவிடுகிறார், அவ்வளவுதான். அப்படி எழுதிய பாண்டை எதிர்த்து வழக்காடுவது ஊழியருக்குக் கடினம். பெரும்பாலும் தேவையும் இருக்காது. புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்தில் அலுவலக விதிகளைக் கேட்டதையும், மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகியதையும் லட்சக்கணக்கில் விலை போடுவதுதான் நிற்காது. வேலை பழகும் நாட்களிலும் அவர் முதலாளிக்கு உழைத்துத்தான் சம்பளம் வாங்கினார். நோட்டீஸ் பீரியட் இதிலிருந்து தனி. இரண்டு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் என்று இரு தரப்புக்கும் ஒரே மாதிரி எழுதியிருந்தால் அது பொதுவாகச் செல்லும். அதையும் பாண்டுத் தொகையையும் சேர்த்து ஒரே இழப்புக்கு இரண்டு முறை வசூலிப்பது நியாயமான இழப்பீடு ஆகாது.

படித்தவர்தானே, வாசித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டார் என்பது அடுத்த ஆட்சேபம். ஒப்பந்தத்தின் மீதுள்ள மரியாதையிலிருந்து வரும் வாதம் இது. அந்த மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் 27ஆம் பிரிவு சம்மதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. மனம் ஒப்பித் தந்த வாக்கானாலும் தொழில் செய்யும் உரிமையை அடைக்கும் வாக்கு செல்லாது. 1986இல் மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. பேரம் பேசும் வலிமையில் பெரும் ஏற்றத்தாழ்வு உள்ள இருவருக்கிடையில், பலவீனமானவர் அச்சிட்ட படிவத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாத நிலையில், மனச்சாட்சிக்கு ஒவ்வாத உட்பிரிவை நீதிமன்றம் நடைமுறைப்படுத்தாது என்றது. வளாகத் தேர்வில் இடம் கிடைத்து, கல்விக் கடனின் தவணை காத்திருக்க, சேரும் நாளன்று காலையில்தான் பாண்டைப் பார்க்கும் இருபத்திரண்டு வயதுக்காரரிடம் பேரம் எங்கே இருக்கிறது? விஜயா வங்கித் தீர்ப்பும் இந்தக் கோட்பாட்டை மறுக்கவில்லை. அங்கே உட்பிரிவு விண்ணப்பிக்கும்போதே தெரிவிக்கப்பட்டிருந்தது. முதலாளிகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பாண்டை ஆஃபர் லெட்டரோடு, சேரும் நாளுக்கு வாரங்கள் முன்பே அனுப்பிவிட வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் நீதிமன்றப் படி ஏறினால் நடப்பவை. பெரும்பாலான பாண்டுகள் அங்கே வருவதே இல்லை. முதலாளி வழக்குத் தொடுப்பதில்லை. கையில் உள்ளதைப் பிடித்துவைக்கிறார். முதலில் வருவது ஒரிஜினல் சர்டிபிகேட். ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கியாளர் போன்ற சிலருக்கு, தமக்குச் சேர வேண்டிய பாக்கிக்காகப் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை தருகிறது. 2000இல் ஒரு வழக்கறிஞர் தன் கட்டண பாக்கிக்காக வங்கியின் வழக்குக் கட்டுகளைத் திருப்பித் தர மறுத்தபோது, விற்று பணமாக்க முடியாத கோப்புகள் அந்தப் பிரிவு சொல்லும் சரக்கே அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்தத் தர்க்கம் பட்டச் சான்றிதழுக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். சான்றிதழில் பெயர் இல்லாத எவருக்கும் அது பயன்படாது. எனவே, சேரும்போது அசலைக் காட்டி நகலைக் கொடுத்தால் போதும். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், என்னென்ன அசல்கள், எந்தத் தேதியில், யாரிடம் என்று எழுதி நிறுவன முத்திரையோடு ரசீது வாங்க வேண்டும். பிறகு திருப்பித் தர மறுத்தால் எழுத்தில் கேட்க வேண்டும். ஸ்பீட் போஸ்ட் ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். குறித்த நிவாரணச் சட்டத்தின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பொருளையே மீட்க வழக்குத் தொடுக்கலாம். பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தனியார் எவரும் அதைப் பணயமாக வைத்திருக்க முடியாது.

காசோலை சான்றிதழைவிட ஆபத்தானது. பலருக்கு இது தெரியாது. பாண்டின் பேரில் வழக்கு என்றால் முதலாளி இழப்பை நிரூபிக்க வேண்டும். கையெழுத்திட்ட காசோலை திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் அது குற்ற வழக்காகிறது; கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் ஊழியருக்கு எதிராக எழுகிறது. தொகையைப் பிறர் நிரப்பினாலும் அந்த அனுமானம் எழும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அனுமானத்தை உடைக்க முடியும். சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் எதுவும் அன்று இல்லை, வேலையில் சேரும்போது பிணையாக வாங்கியது இது என்று பாண்டையே ஆதாரமாகக் காட்டலாம். ஆனால் அதற்குள் நீதிமன்றத்தில் பல வாய்தாக்கள் ஓடிவிடும். ஆகவே வெற்றுக் காசோலை மட்டும் எந்தச் சூழலிலும் கொடுக்கக் கூடாது. கொடுத்திருந்தால் எண்ணைக் குறித்துவைத்து, எதற்காகக் கொடுத்தோம் என்பதை ஒரு மின்னஞ்சலிலாவது பதிவாக்க வேண்டும். காசோலை திரும்பியதாக நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. அந்த 15 நாட்களுக்குள் வழக்கறிஞர் மூலம் விரிவான பதில் போயாக வேண்டும். பதில் அனுப்பாத மௌனம் பின்னால் பெரும் சுமையாகிறது.

கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்துவைப்பதுதான் மிகப் பரவலான வழி. இங்கே சட்டம் அண்மையில் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலைநாட்களுக்குள் ஊதிய பாக்கியைத் தீர்க்கச் சொல்கிறது. என்னென்ன காரணத்துக்குப் பிடித்தம் செய்யலாம் என்று ஒரு பட்டியலும் தருகிறது. பாண்டுத் தொகை அதில் இல்லை. பழைய ஊதியம் வழங்கல் சட்டம் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்களுக்குப் பொருந்தவில்லை. புதிய தொகுப்பில் அந்த வரம்பு இல்லை. மேலாளரும் பொறியாளரும் அதற்குள் வருகிறார்கள். உரிய அதிகாரியிடம் மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்கலாம். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. பணிக்கொடையையும் பாண்டில் கழிக்க முடியாது. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்ட சில நிலைகளில் மட்டுமே அதைப் பறிக்கலாம். ராஜினாமா ஒழுங்கீனம் ஆகாது. வருங்கால வைப்பு நிதி முதலாளியின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. வெளியேறிய தேதியை அவர் பதிவேற்றாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா சேர்ந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

எஞ்சுவது ரிலீவிங் லெட்டர். மேலே சொன்ன சட்டம் அனைத்தும் ஊழியர் பக்கம் இருந்தாலும், அடுத்த நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்பில் இந்த ஒரு தாளைக் கேட்கிறது; அது இல்லாமல் நல்ல வேலை கை நழுவுகிறது. சட்டம் பேசி என்ன பயன் என்ற சலிப்பு இங்கிருந்துதான் வருகிறது. அதை நான் மறுக்கப்போவதில்லை. வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும், ஆஃபர் முப்பது நாளில் காலாவதியாகும். ஆனால் ரிலீவிங் லெட்டர் இல்லாத இடத்தை வேறு ஆவணங்கள் பெருமளவுக்கு நிரப்புகின்றன. தேதியிட்ட ராஜினாமா மின்னஞ்சல், அதற்கு வந்த பதில், ஒப்படைத்த மடிக்கணினிக்கும் அடையாள அட்டைக்கும் ரசீது, சம்பளச் சீட்டுகள், வைப்பு நிதிக் கணக்கின் பதிவு ஆகியவை சேர்ந்து எங்கே எப்போது வேலை பார்த்தார் என்பதை நிறுவிவிடும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் ஊழியர்கள் செய்யும் பெரும் பிழை. அது முதலாளியின் பலவீனமான வழக்கைப் பலமாக்குகிறது. உண்மையான பயிற்சி கிடைத்திருந்தால், அதற்குரிய விகிதத் தொகையைத் தரத் தயார் என்று எழுத்தில் சொல்வது நேர்மையும்கூட, தற்காப்பும்கூட. கட்டாயத்தின் பேரில் முழுத் தொகையையும் கட்ட நேர்ந்தால், எதிர்ப்புடன் கட்டுகிறேன் என்று எழுதிக் கட்ட வேண்டும். முதலாளி வழக்குத் தொடுக்க மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை தாள்களைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாட்டின் நூற்பாலைகள் காட்டியிருக்கின்றன. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார ஆலைகள் கிராமத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்தன. மூன்று ஆண்டு முடிந்தால் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை, இடையில் போனால் அது கிடைக்காது என்பது ஏற்பாடு. அங்கே பாண்டு தலைகீழாக வேலை செய்தது: போனால் கட்டு என்பதற்குப் பதிலாக, உழைத்த கூலியையே பிடித்துவைத்துப் போகவிடாமல் செய்தார்கள். பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியின்றி உழைக்க வைத்தால் அதுவும் அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்புதான் என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பொறியாளரின் பாண்டையும் நூற்பாலைப் பெண்ணின் பிடித்தத்தையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். துன்பத்தின் அளவு வேறு. ஆனால் வேலையை விடும் உரிமைக்கு விலை வைக்கும்போது, அந்த விலைக்குப் பின்னால் கொடுத்த பொருள் எதுவும் இல்லையென்றால், இரண்டிலும் நடப்பது ஒரே காரியம்.

இதில் அரசு செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று இருக்கிறது. 2020ஆம் ஆண்டு தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு, தன் வரம்புக்குள் வரும் நிறுவனங்களின் எல்லா ஊழியருக்கும் நியமன ஆணை தருவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன் படிவத்தையும் அதில் இருக்க வேண்டிய விவரங்களையும் உரிய அரசே விதியாக வகுக்கலாம். பெரும்பாலான தனியார் நிறுவனங்களுக்கு மாநில அரசுதான் அந்த உரிய அரசு. அந்தப் படிவத்தில் இரண்டு பத்திகளைச் சேர்த்தால் போதும். ஊழியரின் அசல் சான்றிதழோ காசோலையோ நிறுவனத்திடம் இல்லை என்ற உறுதிமொழி ஒன்று. குறைந்தபட்சப் பணிக்காலம் கேட்பதாக இருந்தால், அதற்கு ஈடாகத் தரும் பயிற்சியின் பெயர், செலவு, மாதந்தோறும் கழியும் தொகை ஆகியவை மற்றொன்று. பயிற்சி தரும் முதலாளி அந்தப் பத்தியை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார்.